பெட்டி திறக்கும் முன்: தொலைக்காட்சிப் பரிசுப் போட்டிகளும் சூதாட்டமும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பன்னிரண்டாம் வகுப்புக்குக் கணக்கு நடத்துகிறேன். நிகழ்தகவுப் பாடம் வரும்போதெல்லாம் தொலைக்காட்சிப் பரிசுப் போட்டிகளை உதாரணமாக எடுத்துக்கொள்வது என் வழக்கம். மாணவர்களும் அவர்களுடைய பெற்றோரும் என் வீட்டாரும் பல ஆண்டுகளாகக் கேட்டுவரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். போட்டியாளரைவிட அவரைப் பார்த்துக்கொண்டிருக்கும் நம்மைப் பற்றித்தான் இதில் அதிகம் இருக்கும்.

இந்தப் போட்டிகள் சூதாட்டமா, இல்லையா?

சட்டம் ஒன்றைச் சூதாட்டம் என்றோ லாட்டரி என்றோ சொல்ல, பொதுவாக மூன்றைத் தேடுகிறது: பரிசு, அதிர்ஷ்டம், பங்கேற்பவர் தன் பையிலிருந்து வைக்கும் பணம். பெட்டிகளைத் தேர்ந்தெடுக்கும் 'டீல் ஆர் நோ டீல்' வகைப் போட்டியில் முதல் இரண்டும் தாராளமாக இருக்கின்றன, மூன்றாவது இல்லை. போட்டியாளர் தோற்றாலும் வந்த கையோடு திரும்புகிறார், சொந்தப் பணம் எதையும் இழப்பதில்லை.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1954-லேயே இந்தக் கோட்டை வரைந்துவிட்டது. வானொலியிலும் தொலைக்காட்சியிலும் வந்த 'ஸ்டாப் தி மியூசிக்' போன்ற பரிசு நிகழ்ச்சிகளை லாட்டரி என்று கருதித் தடுக்க அந்நாட்டின் ஒலிபரப்பு ஆணையம் விதி கொண்டுவந்தது. வீட்டில் உட்கார்ந்து நிகழ்ச்சியைக் கேட்பதைப் பணம் கட்டுவதாகக் கொள்ள முடியாது, ஆகவே அது லாட்டரி ஆகாது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஆனால் நம் வருமான வரிச் சட்டம் இந்த வேறுபாட்டைப் பார்ப்பதில்லை. கோடி ரூபாய் வினாடி வினா நாட்டையே கட்டிப்போட்ட காலத்தில், 2001 நிதிச் சட்டத்தின் வழியாக, 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் ஒரு விளக்கம் சேர்க்கப்பட்டது. தொலைக்காட்சியில் பரிசுக்காகப் போட்டியிடும் நிகழ்ச்சிகளும் அதன்படி லாட்டரி, குதிரைப் பந்தயம், சீட்டாட்டம் இருக்கும் அதே வரிசையில் வந்து அமர்ந்தன. வரியும் ஒன்றே: 30 சதவீதம், அதன் மேல் செஸ் என்ற கூடுதல் வரி. அறிவால் வென்றாலும் அதிர்ஷ்டத்தால் வென்றாலும் பிடித்தம் ஒன்றுதான். வென்றவர் கையில் முழுக் கோடி போய்ச் சேர்வதில்லை என்பதைப் பார்ப்பவர்களில் பலர் நினைப்பதே இல்லை.

சீட்டாட்டத்தைக் கண்டாலே முகம் சுளிக்கும் குடும்பங்கள், இவற்றை மட்டும் எப்படி உட்கார்ந்து பார்க்கின்றன?

என் வீட்டையே சொல்கிறேன். எங்கள் தாத்தா தீபாவளிக்குக்கூட வீட்டில் சீட்டுக்கட்டு எடுக்க விடமாட்டார். அதே தாத்தா பரிசுச் சீட்டு வாங்கிப் பூஜை அறையில் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைப்பார். 1968-இல் அரசே பரிசுச் சீட்டு நடத்தத் தொடங்கியபோது, 'விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு' என்ற வாசகம் ஊரெங்கும் பரவியது. தோற்றால் பணம் நல்ல காரியத்துக்குத்தானே போகிறது என்ற சமாதானம் கிடைத்ததும் சூது என்ற சொல் விலகிக்கொண்டது. பிறகு தினச் சீட்டுகள் பெருகிக் கூலிக்காரர்களின் அன்றாடச் சம்பளத்தை விழுங்கத் தொடங்கின. 2003 ஜனவரியில் தமிழ்நாட்டில் லாட்டரி விற்பனை தடை செய்யப்பட்டபோது வருந்தியவர்களைவிட நிம்மதி அடைந்த குடும்பங்கள்தான் எங்கள் தெருவில் அதிகம்.

அடுத்தவன் சோற்றைப் பறிக்கிறதா, பெண்டு பிள்ளைகளைத் தெருவில் நிறுத்துகிறதா என்பதுதான் நம் ஆட்கள் சூதை அளக்கும் கோல். தொலைக்காட்சிப் போட்டியில் அப்படி யாரும் தெருவுக்கு வருவதாகத் தெரியவில்லை. பணம் விளம்பரதாரருடையது. எதிரில் இருப்பவர், நிகழ்ச்சியின் சார்பில் விலை பேசும் முகம் தெரியாத வங்கியாளர். ஆகவே குற்ற உணர்வே இல்லாமல் முறுக்கைக் கடித்துக்கொண்டு பார்க்க முடிகிறது.

பெட்டிப் போட்டி எப்படி நடக்கிறது? பார்த்ததில்லை, சுருக்கமாகச் சொல்லுங்கள்.

நெதர்லாந்தின் எண்டெமோல் நிறுவனம் உருவாக்கியது. இன்று நாம் அறிந்த வடிவத்தில் அங்கே 2002-இல் ஒளிபரப்பானது. தமிழில் சன் டிவியில் ரிஷி தொகுத்து வழங்க, 'டீலா நோ டீலா' என்ற பெயரில் வந்தது. மூடிய பெட்டிகள் ஒவ்வொன்றிலும் ஒரு தொகை இருக்கும். போட்டியாளர் ஒன்றைத் தனக்கென்று எடுத்துக்கொண்டு மற்றவற்றை ஒவ்வொன்றாகத் திறக்கச் சொல்வார். திறந்த தொகை பலகையிலிருந்து அழியும். சுற்று முடியும்போது வங்கியாளர் தொலைபேசியில் ஒரு விலை பேசுவார். வாங்கிக்கொண்டு போனால் டீல், மறுத்தால் ஆட்டம் தொடரும்.

இதில் அறிவுக்கு வேலையே இல்லை. எப்போது நிறுத்துவது என்ற ஒரே முடிவுதான் போட்டியாளருடையது.

பலகையில் பெரிய தொகைகள் நிறைய இருப்பதுபோல் தெரிகிறதே?

கண் அங்கேதான் போகும். இங்கிலாந்தில் சேனல் 4-இல் நோயல் எட்மண்ட்ஸ் நடத்திய போட்டியில் 22 பெட்டிகள். மிகச் சிறியது 1 பென்னி, மிகப் பெரியது 2,50,000 பவுண்டு. எல்லாவற்றையும் கூட்டி 22-ஆல் வகுத்தால் சராசரி ஏறத்தாழ 25,700 பவுண்டு. ஆனால் அந்தச் சராசரிக்கும் கீழே இருக்கும் பெட்டிகள் 17, மேலே இருப்பவை ஐந்தே ஐந்து. அமெரிக்கப் பலகையில் 26-க்கு 20 கீழே.

வகுப்பில் இந்தத் தொகைகளைப் பலகையில் எழுதி, "கையில் இருக்கும் பெட்டியில் எவ்வளவு இருக்கும் என்று ஊகியுங்கள்" என்பேன். நாற்பது பேரில் முப்பது பேராவது இருபதாயிரத்துக்கு மேல் சொல்வார்கள். சராசரி என்பது ஓரிரண்டு பெரிய தொகைகள் தோளில் தூக்கி நிறுத்திய எண். அந்த ஓரிரண்டு பெட்டியும் திறந்துவிட்டால் சராசரி பொத்தென்று விழுந்துவிடும்.

நல்ல தொகை கிடைத்தும் ஏன் வேண்டாம் என்கிறார்கள்? வீடு தேடி வந்த லட்சுமியை எட்டி உதைப்பது இல்லையா?

இந்தக் கேள்விக்கு நல்ல ஆய்வே இருக்கிறது. தியரி போஸ்ட், மார்டைன் வான் டென் அசெம், கைடோ பால்டுசென், பின்னாளில் பொருளாதார நோபல் பெற்ற ரிச்சர்ட் தேலர் ஆகிய நால்வரும் நெதர்லாந்து, ஜெர்மனி, அமெரிக்கா ஆகிய மூன்று நாடுகளிலும் இந்தப் போட்டியில் ஆடிய 151 பேரின் முடிவுகளை அலசி 2008-இல் வெளியிட்டார்கள். நெதர்லாந்துப் பலகையில் மிகப் பெரிய தொகை 50 லட்சம் யூரோ. அவ்வளவு பெரிய பணத்தை வைத்து எந்தப் பல்கலைக்கழகமும் சோதனை நடத்த முடியாது என்பதால் தொலைக்காட்சியே அவர்களுக்குச் சோதனைக்கூடமாயிற்று.

போட்டியாளர் எவ்வளவு துணிகிறார் என்பது எதிரில் இருக்கும் தொகையை மட்டும் பொறுத்ததாக இல்லை. சற்று முன் அவருக்கு என்ன நடந்தது என்பதையும் பொறுத்திருந்தது. பெரிய தொகைகளை வரிசையாக இழந்தவர்கள் முன்பைவிடத் துணிந்து ஆடினார்கள். எதிர்பார்ப்புக்கு மேல் அதிர்ஷ்டம் அடித்தவர்களும் துணிந்தார்கள். இரண்டுக்கும் இடையில் நின்றவர்களே நிதானமாக இருந்தார்கள்.

அவர்கள் விவரிக்கும் ஒரு நெதர்லாந்துப் போட்டியாளரை என்னால் மறக்க முடியவில்லை. ஆறாவது சுற்றில் அவர் திறந்த பெட்டியில் 5 லட்சம் யூரோ இருந்தது. மிச்சமிருந்த தொகைகளின் சராசரி ஒரே நொடியில் ஏறத்தாழ 1,02,000 யூரோவிலிருந்து 2,500-க்கு இறங்கிவிட்டது. வங்கியாளர் 2,400 தருகிறேன் என்றார். வேண்டாம் என்றார் இவர். கடைசியில் இரண்டே தொகைகள் எஞ்சின: 10 யூரோ, 10,000 யூரோ. வங்கியாளர் சொன்ன விலை 6,000. சராசரியே 5,005 தான், அதைவிட ஏறத்தாழ ஆயிரம் யூரோ கூடுதல். அதையும் மறுத்தார். 10 யூரோவோடு வீட்டுக்குப் போனார்.

'விட்டதைப் பிடிக்கிறேன்' என்று நம் ஊரில் சொல்வார்களே, அதுதான் இது. அவர் மனதில் அந்த ஒரு லட்சம் இன்னும் தன்னுடையதாகவே இருந்தது. ஆகவே 6,000 அவருக்கு லாபமாகத் தெரியவில்லை, பெரிய நஷ்டத்தின் மிச்சமாகத் தெரிந்தது. அவரைப் பேராசைக்காரர் என்று ஒரு சொல்லில் முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. அடிபட்ட மனிதர் அவர்.

அரங்கில் கூட்டம் "நோ டீல்" என்று கத்துகிறதே, அந்த உசுப்பலில்தான் துணிகிறார்களா?

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அதே நெதர்லாந்து ஆய்வாளர்களில் சிலர் பின்னர் இதைச் சோதித்தார்கள். சிலரைத் தனியாகக் கணினி முன் அமர்த்தி ஆடச் சொன்னார்கள். வேறு சிலரை நடத்துநர், கேமரா, பார்வையாளர் எல்லாம் கூடிய அரங்கில் ஆட வைத்தார்கள். வெளிச்சத்தில் நின்றவர்களே அதிகம் பயந்தார்கள், சீக்கிரம் விலை பேசி முடித்தார்கள். நாலு பேர் பார்க்க முட்டாளாகிவிடக் கூடாதே என்ற கூச்சம், கைதட்டலைவிட வலிமையானது போலும்.

கூட்டமும் எல்லாக் காலத்திலும் உசுப்பிவிடவில்லை. 1940-இல் அமெரிக்காவில் சி.பி.எஸ். வானொலியில் 'டேக் இட் ஆர் லீவ் இட்' என்ற போட்டி தொடங்கியது. 1 டாலரில் ஆரம்பித்துக் கேள்விக்குக் கேள்வி பரிசு இரட்டிப்பாகி 64 டாலரில் முடியும். போதும் என்று நிறுத்தாமல் அடுத்த கேள்விக்குப் போகிறேன் என்று ஒருவர் சொன்னால், அரங்கமே சேர்ந்து "வருத்தப்படப் போகிறாய்!" என்று இழுத்துப் பாடும். 1930-களின் பொருளாதாரப் பெருமந்தத்தில் அடிபட்டு எழுந்த தலைமுறை அது. இன்றைய அரங்கம் 'ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே' என்று அடுத்தவர் பணத்தைத் தாராளமாகப் பணயம் வைக்கச் சொல்கிறது.

50 லட்சத்தோடு எழுந்து போகிறவரைப் பார்த்தால் சப்பென்று இருக்கிறதே, அது கோழைத்தனம்தானே?

கணக்கைப் பார்ப்போம். 2000-இல் அமிதாப் பச்சன் தொடங்கிய 'கௌன் பனேகா குரோர்பதி'யின் பழைய ஏணியில் 15 கேள்விகள். 14 சரியாகச் சொல்லி நிற்பவர் கையில் 50 லட்சம். கடைசிக் கேள்விக்குச் சரியான விடை சொன்னால் 1 கோடி. தவறினால் 3,20,000. அப்படியே எழுந்தால் 50 லட்சம் அவருடையது.

தன் விடை சரி என்று அவருக்கு 48 சதவீதத்துக்குச் சற்று மேல் நம்பிக்கை இருந்தால் போதும், சராசரிக் கணக்கு 'ஆடு' என்று சொல்லும். அதாவது விடை இரண்டில் ஒன்று என்ற அளவுக்குத் தெரிந்து, காசைச் சுண்டிப் பார்த்துச் சொன்னாலும் கணக்குப்படி லாபம். இருந்தும் என் வகுப்பில் ஒருவர்கூட ஆடுவேன் என்று கை தூக்கியதில்லை. ஒரு மாணவி சொன்னாள்: "சார், ஐம்பது லட்சம் வந்தால் எங்களுக்கு வீடு வந்துவிடும். இன்னொரு ஐம்பது வந்தால் வீடு கொஞ்சம் பெரிதாகும், அவ்வளவுதான்." அந்தப் பெண்ணின் பதிலுக்கு மேல் நான் பாடம் நடத்த வேண்டியிருக்கவில்லை. முதல் ஐம்பது லட்சமும் இரண்டாவது ஐம்பது லட்சமும் எண்ணில்தான் சமம். எழுந்து போகிறவர் கோழை இல்லை. நமக்குச் சப்பென்று இருப்பதற்குக் காரணம், நம்முடைய வீடு அங்கே பணயத்தில் இல்லை என்பதே.

ஒரே முடிவை ஒரு நாள் தைரியம் என்கிறோம், மறுநாள் பேராசை என்கிறோம். ஏன்?

இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான்.

2010 வாக்கில் நாங்கள் திண்டுக்கல்லில் இருந்தோம். நினைத்த நேரத்தில் மின்சாரம் போகும் காலம். ஒரு நாள் இரவு பெட்டிப் போட்டி ஓடிக்கொண்டிருந்தது. அம்மா செய்தித்தாளை விரித்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். திரையில் ஒரு பெண். இரண்டே பெட்டிகள் மிச்சம்; ஒன்றில் பல லட்சம், இன்னொன்றில் சில ஆயிரம். வங்கியாளர் கிட்டத்தட்ட பாதி விலை சொல்லிவிட்டார். அந்தப் பெண் கண்ணை மூடித் திறந்து "நோ டீல்" என்றார். பெட்டியின் மேல் கை வைத்தார்கள். மின்சாரம் போய்விட்டது.

இருட்டில் ஒன்றரை மணி நேரம் பேசினோம். அப்பா, "சரியாகத்தான் செய்தாள், பாதிக்குப் பாதி வாய்ப்பு, விலையும் பெரிதாக ஒன்றும் இல்லை" என்றார். அம்மா மெழுகுவத்தி வெளிச்சத்தில் காம்பைக் கிள்ளிக்கொண்டே, "அந்தப் பணத்தில் ஒரு கல்யாணத்தையே முடித்துவிடலாம், கையில் வந்ததை விடுவாளா ஒருத்தி?" என்றார். அத்தை, "அவள் உழைத்துச் சம்பாதித்ததா என்ன, போனால் போகட்டும்" என்றார். யாருக்கும் முடிவு தெரியாது. ஆகவே யாரும் யாரையும் மட்டம் தட்ட முடியவில்லை. விலை எவ்வளவு, அவளுக்கு என்ன தேவை இருந்திருக்கும், நானாக இருந்தால் என்ன செய்வேன் என்றே பேச்சு போயிற்று.

காலையில் பால் ஊற்ற வந்தவர் சொன்னார், பெட்டியில் சில ஆயிரம்தான் இருந்ததாம். அப்பா உடனே, "நான்தான் சொன்னேனே, பேராசை பெருநஷ்டம்" என்றார். அம்மா ஒன்றும் பேசாமல் டம்ளரை அவர் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

இரவில் அப்பா சொன்னதுதான் அவருடைய உண்மையான கருத்து. பெட்டி திறந்ததும் அதை அவரே மறந்துவிட்டார், பொய் சொல்லவில்லை. முடிவு தெரிந்த பிறகு முடிவெடுத்த விதத்தை மதிப்பிடவே முடியாதபடி நம் மனம் அமைந்திருக்கிறது. இந்தப் போட்டிகளைப் பார்க்கும் கோடிக்கணக்கானோர் தினமும் இதையே செய்கிறார்கள்: பெட்டியில் பணம் இருந்தால் வீரம், இல்லாவிட்டால் பேராசை. பங்குச் சந்தையிலும், வெளிநாட்டு வேலைக்குப் போனவர்கள் விஷயத்திலும், விவசாயத்தில் புதுப் பயிர் போட்டவர் விஷயத்திலும் நாம் இப்படித்தான் தீர்ப்புச் சொல்கிறோம் என்பதால் இது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

கடைசி இரண்டு பெட்டிகளில் மாற்றிக்கொண்டால் வாய்ப்பு கூடுமா?

இந்தப் போட்டியில் கூடாது. மூன்று கதவுப் புதிர் என்று ஒன்று உண்டு: மூன்றில் ஒரு கதவுக்குப் பின்னால்தான் பரிசு; நாம் ஒன்றைத் தேர்ந்த பிறகு நடத்துநர் இன்னொன்றைத் திறந்து காட்டி, மாற்றிக்கொள்கிறீர்களா என்று கேட்பார். அதில் மாற்றினால் வாய்ப்பு மூன்றில் இரண்டு ஆவது உண்மை. ஆனால் அங்கே நடத்துநருக்குப் பரிசு எங்கே இருக்கிறது என்று தெரியும். வேண்டுமென்றே காலிக் கதவைத் திறக்கிறார். இங்கே போட்டியாளர் குருட்டாம்போக்கில் திறக்கிறார். ஆகவே பாதிக்குப் பாதிதான்.

பார்வையாளர்கள் எதை மன்னிப்பதே இல்லை?

முன்கூட்டியே முடிவு செய்யப்பட்ட ஆட்டத்தை. 1950-களில் அமெரிக்காவில் 'ட்வென்டி ஒன்' என்ற வினாடி வினாவில் வென்று சார்லஸ் வான் டோரன் என்ற இளம் விரிவுரையாளர் நாடே கொண்டாடும் நாயகரானார். விடைகள் தனக்கு முன்பே தரப்பட்டன என்று 1959-இல் நாடாளுமன்றக் குழு முன் அவர் ஒப்புக்கொண்டார். மறு ஆண்டே இப்படிப் போட்டிகளை ஏமாற்றி நடத்துவது அங்கே சட்டப்படி குற்றமாக்கப்பட்டது.

இதற்கு நேர் எதிர் 1984-இல் நடந்தது. அமெரிக்காவின் 'பிரஸ் யுவர் லக்' போட்டியில் பரிசுக் கட்டங்களின் மேல் ஓடும் விளக்கைப் பொத்தானை அழுத்தி நிறுத்த வேண்டும். அந்த விளக்குகள் தாறுமாறாக ஓடுவதாக எல்லோரும் நம்பினார்கள். மைக்கேல் லார்சன் என்பவர் வீட்டில் ஒளிப்பதிவுகளைப் போட்டுப் போட்டுப் பார்த்து, அவை சில குறிப்பிட்ட வரிசைகளில்தான் ஓடுகின்றன என்று கண்டுபிடித்து மனப்பாடம் செய்துகொண்டு போனார். 1,10,237 டாலர் வென்றார். நிறுவனம் முதலில் தயங்கியது, பிறகு எந்த விதியும் மீறப்படவில்லை என்று முழுத் தொகையையும் கொடுத்தது. என் மாணவர்களிடம் இரண்டு கதைகளையும் சொன்னால் வான் டோரன் மேல் கோபமும் லார்சன் மேல் மதிப்பும் வருகிறது. இருவருமே அதிர்ஷ்டத்தை ஒழித்துவிட்டுத்தான் ஆடினார்கள். ஆனால் ஒருவர் பின்னால் நடத்துபவர்களே இருந்தார்கள்.

வீட்டிலிருந்தே எஸ்.எம்.எஸ். அனுப்பிப் பரிசு வெல்லச் சொல்கிறார்களே, அதுவும் இதே கணக்குத்தானா?

இல்லை. இங்கேதான் நான் கண்டிப்பாகப் பேசுவேன். அரங்கில் நிற்பவர் பணம் கட்டவில்லை. வீட்டில் இருப்பவர் சாதாரணக் கட்டணத்தைவிடக் கூடுதலாகக் கட்டுகிறார். முதல் பதிலில் இல்லாதிருந்த மூன்றாவது அம்சம் இங்கே வந்து சேர்ந்துவிடுகிறது.

2007-இல் ஷாருக் கான் நடத்திய கோடீஸ்வரர் போட்டியின்போது, வீட்டில் இருப்பவர்கள் ஒரு எளிய கேள்விக்கு எஸ்.எம்.எஸ்.ஸில் பதில் அனுப்பலாம் என்று அறிவித்தார்கள். கட்டணம் 2 ரூபாய் 40 காசு. ஒரு நிகழ்ச்சிக்குப் பரிசு 2 லட்சம். பரிசுப் பணமே அந்தக் கட்டணத்திலிருந்துதான் வருகிறது, மக்களுக்கு அது சொல்லப்படவில்லை என்று வழக்கு வந்தது. தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் தொலைக்காட்சி, தொலைபேசி நிறுவனங்கள் இரண்டுக்குமாகச் சேர்த்து 1 கோடி ரூபாய் தண்டத் தொகை விதித்தது. பின்னாளில் உச்ச நீதிமன்றம், பரிசுப் பணம் எஸ்.எம்.எஸ். கட்டணத்திலிருந்து வந்தது என்பதற்கு ஆதாரம் இல்லை என்று அதை ரத்து செய்தது. தீர்ப்பு அதுவே. ஆனால் "இந்தப் பரிசுக்கு யார் பணம் கொடுக்கிறார்கள்?" என்ற கேள்வியைப் பார்வையாளர் ஒவ்வொரு முறையும் கேட்கத்தான் வேண்டும்.

இங்கிலாந்தில் நடந்தது இன்னும் மோசம். ஜி.எம்.டி.வி.யின் காலை நிகழ்ச்சிப் போட்டிகளில், அழைப்புக்கான நேரம் முடியும் முன்பே வெற்றியாளர் பட்டியல் தயாராகிவிட்டது. அதற்குப் பிறகும் பணம் கட்டி அழைத்தவர்களுக்கு வாய்ப்பே இல்லை. 2007-இல் அந்நாட்டின் ஒளிபரப்புக் கண்காணிப்பு அமைப்பான ஆஃப்காம் அந்த நிறுவனத்துக்கு 20 லட்சம் பவுண்டு அபராதம் விதித்தது. சூதாட்ட விடுதியில்கூடத் தோற்பதற்கு ஒரு வாய்ப்பும் வெல்வதற்கு ஒரு வாய்ப்பும் தருகிறார்கள்!

இவற்றைப் பார்த்துப் பார்த்துச் சூதாடும் பழக்கம் வந்துவிடுமா?

மேலே சொன்ன அரங்கச் சோதனையில் இதையும் பார்த்தார்கள். பிறர் ஆடுவதை வெறுமனே பார்த்திருப்பது, பிறகு ஒருவர் எவ்வளவு துணிகிறார் என்பதைப் பெரிதாக மாற்றவில்லை. அது ஒரு சோதனைக்கூட முடிவுதான் என்றாலும் எனக்கு ஓரளவு ஆறுதல்.

என் கவலை நிகழ்ச்சிகளுக்கு நடுவே வந்த ஆன்லைன் ரம்மி விளம்பரங்களைப் பற்றியது. திரையில் ஒருவர் பிறர் பணத்தைப் பணயம் வைத்துச் சிரித்த அடுத்த நொடி, உங்கள் பணத்தை வைத்து நீங்களும் சிரிக்கலாம் என்று அழைப்பு வரும். இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். தமிழ்நாட்டில் ஆன்லைன் சூதாட்டத்தில் பணம் இழந்தவர்களின் தற்கொலைகள் தொடர்ந்ததை அடுத்து, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையிலான குழுவின் அறிக்கையைக் கொண்டு 2022-இல் மாநில அரசு சட்டம் கொண்டுவந்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளையும் அவற்றின் விளம்பரங்களையும் தடை செய்து சட்டம் நிறைவேற்றியது. என் பழைய மாணவன் ஒருவன் தங்கையின் கல்லூரிக் கட்டணத்தை ஒரே இரவில் ரம்மியில் விட்டான். 'விட்டதைப் பிடித்துவிடலாம் என்று நினைத்தேன் சார்' என்றான். அந்த நெதர்லாந்துக்காரருக்கு 10 யூரோவாவது மிஞ்சியது.

பிள்ளைகளோடு சேர்ந்து பார்க்கலாமா?

பாருங்கள். ஒரு வேலை மட்டும் செய்யுங்கள். வங்கியாளர் விலை சொன்னதும் ஒலியை நிறுத்திவிட்டு, ஆளுக்கொரு துண்டுச் சீட்டில் டீலா, நோ டீலா என்பதையும் அதற்கு ஒரு வரிக் காரணத்தையும் எழுதச் சொல்லுங்கள். பாட்டியும் எழுத வேண்டும். சீட்டுகளை ஒரு கிண்ணத்தில் போட்டுவிட்டு ஒலியைத் திருப்பி வையுங்கள். பெட்டி திறந்த பிறகு சீட்டுகளை எடுத்து உரக்கப் படியுங்கள். என் வகுப்பில் ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர் பேனாவோடு ஓடிவருவார். திருத்த விடாதீர்கள்.